குறைந்த பணத்தில் நிறைந்த கருவி: புல்வெட்டும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

பொருளை வாங்குதல் எளிது. தேர்ந்து வாங்குதல் அரிது. கையில் பணம் மிகுதியாக உள்ளவர் தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுமுறை வேறொன்றை வாங்கிக்கொள்வார். அளவான பணம் உள்ளவருக்கோ முதல் தேர்வே முடிவான தேர்வாகிவிடுகிறது. ஒரு செயலில் இறங்குமுன் கையைவிட்டுப் போவது எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, நாளடைவில் மிஞ்சுவது எவ்வளவு என்று மூன்றையும் எண்ணிப் பார்க்கும்படி, ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் அறிவுறுத்துகிறார். அரசர்க்கும் அமைச்சர்க்கும் சொன்ன அந்த அறிவுரையை ஒரு சிறு கருவியின்மீது பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருவி, பின்னால் நடந்துகொண்டே தள்ளிச் செல்லும் புல்வெட்டும் இயந்திரம்.

கலைக்கல்லூரி மாணவர்க்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நகராட்சிப் பூங்கா என்று புல்தரை இல்லாத பொது இடம் குறைவு. நாளை நம்மில் பலர் ஆசிரியராகவோ அலுவலராகவோ அமர்ந்து, மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் கையெழுத்திடப் போகிறவர்கள். மிகக் குறைந்த விலைப்புள்ளியே மிகக் குறைந்த செலவு என்று எண்ணிக் கையெழுத்திட்டால், இரண்டாம் மழைக்காலத்தில் அந்த இயந்திரம் கொட்டகையின் மூலையில் துருப்பிடித்து நிற்கும். தோட்டக்காரர் மீண்டும் அரிவாளைக் கையில் எடுப்பார். பொதுப்பணம் மட்டும் திரும்பி வராது. ஆகவே இது பொருளியலும் இயற்பியலும் பொறுப்புணர்ச்சியும் ஒருங்கே கலந்த பொருளாகும்.

இயந்திரத்தின் வரலாறு

புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டவர் இங்கிலாந்து நாட்டின் குளோஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர். அங்கிருந்த கம்பளி ஆலைகளில், நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராகக் கத்தரிப்பதற்குச் சுருள் கத்திகள் கொண்ட உருளை ஒன்று பயன்பட்டது. துணியின் மயிரைச் சீராக வெட்டும் கருவி தரையின் புல்லையும் சீராக வெட்டாதா என்று அவர் சிந்தித்தார். 1830-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கக் காலத்தில் விற்பனையான இயந்திரங்கள் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த விலங்கியல் தோட்டத்துக்கும் ஆக்ஸ்போர்டு கல்லூரிகளுக்கும் சென்றன. கல்லூரிக்கும் புல்வெட்டிக்கும் உள்ள உறவு அந்த அளவுக்குப் பழமையானது. 1902-ஆம் ஆண்டில் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எளியவர் கைக்கு எட்டும் இயந்திரம் என்ற வகையில் ஆஸ்திரேலியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சிட்னி நகரின் கான்கார்டு பகுதியில் வாழ்ந்த மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவரின் மகன் பல்கலைக்கழக மாணவர். விடுமுறை நாட்களில் வீடுகளில் புல் வெட்டிக் கொடுத்துப் பணம் ஈட்டிவந்தார். மகனுக்கு உதவும் பொருட்டுப் புல்வெட்டிகள் செய்யத் தொடங்கிய தந்தை, 1952-ஆம் ஆண்டில் வீட்டுக் கொட்டகையில் ஒரு புதுவகையை உருவாக்கினார். அதன் பெட்ரோல் தொட்டி, பீச் பழம் அடைத்து வந்த ஒரு பழைய தகரடப்பா! அதுவே ‘விக்டா’ என்னும் பெயரில் வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஆஸ்திரேலிய இல்வாழ்க்கையின் சின்னமாகப் புல்வெட்டிகளும் காட்டப்பட்டன. தகரடப்பா வைத்த அந்த இயந்திரம் வேலை செய்தது. வேண்டிய உறுப்புகள் உறுதியாக இருந்தால் ஆடம்பரம் இல்லாமலே ஒரு கருவி பயன்தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இருவகை வெட்டு

விலையைப் பார்க்குமுன் வெட்டும் முறையை அறிதல் வேண்டும். முதல் வகை உருளைக் கத்தி. சுருளாக வளைந்த கத்திகள் உருண்டுவந்து, கீழே அசையாது நிற்கும் ஒரு தட்டைக் கத்தியோடு உரசும்போது நடுவில் அகப்பட்ட புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் வெட்டுப்படுகிறது. வெட்டு சுத்தமாக இருக்கும்; புல்லின் நுனி கிழியாது. தள்ளும் வேகமே கத்தியைச் சுழற்றுவதால் எஞ்சின் இல்லாமலும் இயங்கும். ஆனால் உயர்ந்து வளர்ந்த புல்லை இவ்வகை வெட்டாது. சாய்த்துவிட்டு மேலே போய்விடும். சிறு கல் அகப்பட்டாலும் கத்தியில் பல் விழும்.

இரண்டாம் வகை சுழல் கத்தி. தகட்டுக் கூட்டின் அடியில் ஒரே கத்தி மின்விசிறிபோல் கிடைமட்டமாகச் சுழல்கிறது. இங்கே கத்தரிக்கோல் இல்லை; வேகமே வெட்டுகிறது. கத்தியின் நீளம் 50 செ.மீ., சுழற்சி நிமிடத்துக்கு 3,000 என்று கொள்வோம். அதன் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 1.57 மீட்டர், வினாடிக்கு 50 சுற்று. ஆகவே நுனியின் வேகம் வினாடிக்கு 78 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர். எந்த விரைவு ரயிலும் நம் ஊர் வழியே இந்த வேகத்தில் போவதில்லை. வளர்ந்த புல், கோரை, களை எதுவாயினும் இது வெட்டும். கல்லையும் அதே வேகத்தில் எறியும் என்பதை மறக்கலாகாது.

முதலில் நிலத்தை அளப்போம்

கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தரைக்குப் போகவேண்டும். அரை மீட்டர் அகலம் வெட்டும் இயந்திரத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் கணக்குப்படி ஒரு மணியில் 1,500 சதுர மீட்டர் வெட்டலாம். ஒரு வரிசை மற்றொன்றின்மேல் சற்றே ஏறவேண்டும், திரும்பவேண்டும், மூச்சு வாங்கவேண்டும். இவற்றைக் கழித்தால் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட், ஓர் ஆளின் ஒரு மணி வேலை எனக் கொள்ளலாம்.

இதை வைத்துப் பார்த்தால் வீட்டின் முன்னுள்ள 3 சென்ட், 5 சென்ட் புல்தரைக்குக் கையால் தள்ளும் உருளைக் கத்தியே போதும். அரை ஏக்கர் பூங்காவுக்கு எஞ்சின் வைத்த இயந்திரம் இரண்டு மணி நேரம் உழைத்தால் போதும். ஆனால் 65 மீட்டர் ஆரம் உள்ள கிரிக்கெட் மைதானத்தின் பரப்பு 13,000 சதுர மீட்டருக்கு மேல். பின்னால் நடக்கும் இயந்திரத்தைக் கொண்டு அதை முழுதும் வெட்டப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அந்த வேலையை இந்த இயந்திரத்தின் தலையில் கட்டுவது இயந்திரத்துக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

அடுத்து, புல் எத்தகையது என்று பார்த்தல் வேண்டும். மேனாட்டார் பெர்முடா புல் என்று போற்றி விளையாட்டுத் திடல்களில் வளர்ப்பது, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகம்புல்தான். அது தரையோடு தரையாகக் கொடியோடிப் படர்வதால் தாழ்வாக, அடிக்கடி வெட்ட வெட்டச் செழிக்கும். எந்தப் புல்லாயினும் ஒருமுறைக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது பொது விதி. வாரந்தோறும் வெட்டிப் பேணும் சமதளமான அறுகந்தரைக்கு உருளைக் கத்தி ஏற்றது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு வளரவிட்டு மாதம் ஒருமுறை வெட்டும் தரைக்குச் சுழல் கத்தியே வேண்டும். கல்லும் சீமைக் கருவேலங்கன்றும் பார்த்தீனியமும் மண்டிய தரைக்கு இவ்விரண்டும் ஆகா. அங்கே தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டரோ மண்வெட்டியோதான் முதலில் செல்லவேண்டும். இதை எண்ணாமல் வாங்கிவிட்டு ‘இயந்திரம் சரியில்லை’ என்று குறைகூறுவது நியாயமாகாது.

எந்த ஆற்றல்?

கையால் தள்ளுவது, மின்கம்பி இணைப்பது, பேட்டரி, பெட்ரோல் என்று நான்கு வழிகள் உள்ளன.

கையால் தள்ளுவதில் பழுதாகும் உறுப்பு மிகக் குறைவு. கத்தியைச் சாணை பிடிப்பதும் எண்ணெய் விடுவதுமே பராமரிப்பு. மின்கம்பியில் இயங்குவது விலை குறைவு, பளு குறைவு, புகை இல்லை. ஆயினும் கம்பி எட்டும் தொலைவுக்குள்ளேயே வெட்டமுடியும். கம்பியைக் கத்தி வெட்டிவிடும் அபாயமும் உண்டு. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இல்லாத இடத்திலும், ஈரமான புல்லிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது.

பேட்டரி இயந்திரம் அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவி வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 2024-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து விற்கும் பெரும்பாலான புதிய தோட்டக் கருவிகள் புகை வெளியிடாதனவாக இருக்கவேண்டும் என்று விதி செய்துள்ளது. வாங்குவோர் ஓர் எளிய பெருக்கலைப் போட்டுப் பார்க்கவேண்டும். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அதில் அடங்கிய ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும். 40 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 200 வாட்-மணி. மோட்டார் 600 வாட் இழுத்தால் இருபது நிமிடத்தில் பேட்டரி ஓய்ந்துவிடும். 8 சென்ட் தரைக்கு இது போதும். அரை ஏக்கருக்குப் போதாது. சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்றவேண்டியிருக்கும். இயந்திர விலையில் பெரும்பங்கு பேட்டரியின் விலையே என்பதால், மாற்றுப் பேட்டரியின் விலையையும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பெரிய தரைக்குப் பெட்ரோல் இயந்திரம் இன்றும் உழைக்கிறது. இதில் எண்ணெய் கலக்கத் தேவையில்லாத நான்கு வீச்சு எஞ்சின் உள்ளதைத் தேர்வது நலம். குதிரைத்திறன் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். எஞ்சின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்தி எழுதியதாக அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள்மீது தொடரப்பட்ட வழக்கு 2010-ஆம் ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. எஞ்சின் கொள்ளளவையும் முறுக்குத் திறனையும் ஒப்பிடுவதே சரியான முறை.

குறைக்கக்கூடியதும் குறைக்கக்கூடாததும்

பணம் போதவில்லை என்றால் எதை விடுவது என்பதே தேர்வின் உயிர்நாடி. தானே நகரும் அமைப்பு, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் அமைப்பு, புல்லைச் சேர்க்கும் பெரிய பை, மிகுந்த அகலம் ஆகிய நான்கும் வசதிகள். வசதி ஒவ்வொன்றும் ஒரு பெல்ட்டையோ பற்சக்கரத்தையோ பேட்டரியையோ கூட்டுகிறது. உறுப்பு கூடக் கூடப் பழுதுக்கு இடமும் கூடும். சமதளமான தரைக்குத் தானே நகரும் அமைப்பு இன்றியமையாதது அன்று. கயிற்றை இழுத்துக் கிளப்புவதும் கடினமான வேலை அன்று.

உறுதியைத் தரும் உறுப்புகளில் மட்டும் கைவைக்கலாகாது. நல்ல எஞ்சின் அல்லது மோட்டார், தடித்த தகட்டுக் கூடு, உராய்வைத் தாங்கும் பேரிங் வைத்த சக்கரம், ஆட்டம் இல்லாத கைப்பிடி, எளிதில் மாற்றக்கூடிய கத்தி ஆகியன அவை. இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியது உதிரிப்பாகம். கடைக்காரரிடம், “கத்தி, ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், கிளப்பும் கயிறு இந்த நான்கும் உங்களிடம் இப்போது இருக்கின்றனவா? எடுத்துக் காட்டுங்கள்” என்று கேட்கவேண்டும். எடுத்துக் காட்டினால் அது விற்பனை நிலையம். “வரவழைத்துத் தருகிறோம்” என்றால் சற்றுச் சிந்திக்கவேண்டும். நம் ஊர் மெக்கானிக்கு அறிந்த எஞ்சினா என்பதையும் வாங்குமுன் அவரிடமே கேட்டுவிடலாம்.

விலையும் செலவும்

விளங்கும் பொருட்டு எடுத்துக்காட்டாகச் சில தொகைகளைக் கொள்வோம். ‘அ’ என்னும் இயந்திரத்தின் விலை 12,000 ரூபாய். மூன்று ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 3,000 ரூபாய் பழுதுபார்ப்பு. மொத்தம் 21,000, ஆண்டுக்கு 7,000. ‘ஆ’ என்னும் இயந்திரத்தின் விலை 24,000 ரூபாய். எட்டு ஆண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 1,500 ரூபாய் பராமரிப்பு. மொத்தம் 36,000, ஆண்டுக்கு 4,500. பாதி விலைக்கு வாங்கியவர் ஆண்டுதோறும் 2,500 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறார். ஏழைக்கே எல்லாம் விலை அதிகம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

“கையில் இருப்பதே 12,000 தான், நான் என்ன செய்வது?” என்ற கேள்வி எழும். நேர்மையான கேள்வி. அந்தத் தொகைக்கு மட்டமான எஞ்சின் வண்டி வாங்குவதைவிட, நல்ல தரமான கையால் தள்ளும் உருளைக் கத்தியை வாங்கி வாரந்தோறும் வெட்டலாம். அல்லது நன்கு பேணிய பழைய இயந்திரத்தை வாங்கலாம். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதும் ஒரு வழி.

பழையதை வாங்கும்போது

விற்பவர் நம் வருகைக்கு முன்பே கிளப்பிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று முதலில் எஞ்சினின் அருகே கையைக் கொண்டுசென்று பார்க்கவேண்டும். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று இழுப்பில் கிளம்பினால் நல்ல அடையாளம். இழுக்கும்போது கயிற்றில் எதிர்ப்பே தெரியாவிட்டால் உள்ளே அழுத்தம் இல்லை என்பது பொருள். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். கரும்புகையை ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் சுத்தத்தால் தீர்க்கலாம். நீலப் புகையைத் தீர்ப்பது செலவு மிக்கது. பின்பு எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, கத்தியைக் கையுறையுடன் மெதுவாகச் சுற்றி அதன் இரு நுனிகளும் ஒரே மட்டத்தில் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தால் கத்தியாவது வளைந்திருக்கவேண்டும், தண்டாவது வளைந்திருக்கவேண்டும். கத்தி வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தண்டு வளைந்திருந்தால் அந்த இயந்திரத்தை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

பேணும் முறை

நம்பகம் என்பது பாதி தொழிற்சாலையிலும் பாதி நம் கையிலும் இருக்கிறது. சிறு எஞ்சினில் சுமார் அரை லிட்டர் ஆயில்தான் உள்ளது. கிளப்புமுன் ஒவ்வொரு முறையும் அளவு பார்த்து, கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றிவிடவேண்டும். பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் தேக்கி வைத்தல் கூடாது. அது பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு முதல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10 விழுக்காடு வரையே அனுமதிக்கின்றன. ஆகவே வாங்குமுன் இது எந்தக் கலப்பைத் தாங்கும் என்று கேட்டறிவதும், நீண்ட நாள் நிறுத்துமுன் தொட்டியைக் காலி செய்வதும் நல்லது.

பின்னால் நடப்பவர்

கடைசியாகச் சொன்னாலும் முதன்மையாக எண்ணவேண்டியது, இயந்திரத்தின் பின்னால் நடக்கும் மனிதரைப் பற்றி. வாங்க முடிவு செய்பவர் ஒருவர். வெயிலில் தள்ளுபவர் மற்றொருவர். வாங்குமுன் அவரையே அழைத்துச் சென்று தள்ளிப் பார்க்கச் சொல்லவேண்டும். கைப்பிடி அவர் உயரத்துக்குப் பொருந்துகிறதா, பளு தாங்குமா என்பதை அவரே சொல்லட்டும்.

கைப்பிடியை விட்டவுடன் மூன்று வினாடிக்குள் கத்தி நிற்கவேண்டும் என்று அமெரிக்க நாட்டில் 1982-ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. விலை குறைகிறது என்பதற்காக இந்த அமைப்பு இல்லாத இயந்திரத்தை வாங்கக்கூடாது. இருக்கும் அமைப்பையும் ‘ஒவ்வொரு முறையும் பிடிக்கவேண்டியிருக்கிறதே’ என்று கம்பியால் கட்டிவைப்பது பெருந்தவறு. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் கத்திக்கு விரலும் புல்லும் ஒன்றே. கல் பொறுக்கிய பின் வெட்டுதல், மூடிய காலணி, கண்ணாடி, காதுக்கு அடைப்பு, சிறுவரை அருகில் விடாமை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. காக்கும் பொருள் பெரிது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். தரையை அளந்து, புல்லை அறிந்து, அதற்கேற்ற கத்தியைத் தேர்க. விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க. பணம் போதாவிடில் வசதியைக் குறைக்கலாம். உறுதியையும் பாதுகாப்பையும் குறைத்தல் ஆகாது. உதிரிப்பாகம் கண்ணெதிரே இருக்கட்டும். இந்தச் சிறு ஒழுங்கு புல்வெட்டிக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி, விடுதிச் சமையலறையின் மாவரைக்கும் கிரைண்டர், நூலகத்து மின்விசிறி என எதை வாங்கினாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். விலைப்புள்ளியின் கடைசி வரியில் கையெழுத்திடும் நாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று தொகையை மட்டும் பார்க்காமல், அந்தக் கருவியைப் பத்தாண்டு பயன்படுத்தப் போகிறவரையும் எண்ணிப் பார்த்து எழுதுகோலை எடுப்போமாக.